தண்ணி லாரி புக்கிங் ஆப்: படிவத்தின் நடுவிலேயே விட்டுப் போகிறார்கள், எங்கிருந்து சரி செய்வது?

பெருங்குடி_டிசைன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. தென்சென்னைக்குத் தனியார் தண்ணி லாரி புக் செய்யும் ஆண்ட்ராய்டு ஆப் இது. மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வரை லாரி போகும். 6,000, 9,000, 12,000 லிட்டர் என்று மூன்று அளவு. தினமும் சுமார் 60 பேர் புக்கிங்கைத் தொடங்குகிறார்கள், 24 பேர்தான் முடிக்கிறார்கள். விட்டுப் போனவர்களில் பலர் அடுத்த பத்து நிமிடத்துக்குள் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு, அதே லாரியை வாயால் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். தண்ணி அவர்களுக்கு வேண்டும். ஆப்தான் குறுக்கே நிற்கிறது.

இப்போது இருக்கும் வரிசை இது. திறந்ததும் மொபைல் எண், பிறகு ஆறு கட்டத்தில் ஓடிபி. உடனே லொகேஷன் அனுமதி. அடுத்து ஒரே திரையில் 11 ஃபீல்டு (நிரப்ப வேண்டிய பெட்டி): பெயர், கதவு எண், தெரு, பகுதி, லேண்ட்மார்க், பின்கோடு, லாரி அளவு, தொட்டிக் கொள்ளளவு (லிட்டரில்), தேதி, நேரம், டிரைவருக்குக் குறிப்பு. கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் கட்டாயம். அதற்குப் பிறகுதான் விலை தெரியும், ஓஸ் (தண்ணி இறக்கும் குழாய்) கட்டணமும் அங்கேதான் சேரும். அப்புறம் யுபிஐ.

அனலிடிக்ஸில் (ஆப்பில் யார் எதுவரை போனார்கள் என்ற பதிவு) எந்தத் திரை என்பது வரை மட்டும் கணக்கு இருக்கிறது. பெரும்பாலோர் அந்த 11 ஃபீல்டு திரையில் நிற்கிறார்கள் என்பது வரை தெரியும். டீமில் ஒருவர் அதை நான்கு திரையாகப் பிரிக்கலாம் என்கிறார், ஒருவர் பட்டன் நிறத்தை மாற்றலாம் என்கிறார், ஒருவர் ஏ/பி டெஸ்ட் (பழையதையும் புதியதையும் ஆளுக்குப் பாதியாகக் காட்டி ஒப்பிடுவது) வைக்கலாம் என்கிறார். தமிழ்த் திரைகளும் ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்தவை. "படிச்சாப் புரியல" என்று போனில் சொல்கிறார்கள். எதை முதலில் தொட வேண்டும்?


அடையாறு_ப்ராடக்ட்

எதையும் பிரிப்பதற்கு முன்னால், போனில் வாங்குகிறார்கள் என்று நீங்களே எழுதிய வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே ஆள், அதே வீடு, அதே லாரி. ஆபீஸில் கேட்ட கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடிகிறது, படிவம் கேட்ட கேள்விக்கு முடியவில்லை. அதனால் முதல் வேலை போன் எடுப்பவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்வது. 30 அழைப்பு போதும். ஒவ்வொன்றிலும் மூன்றைக் குறியுங்கள்: எந்த வரிசையில் கேட்டார், வாடிக்கையாளர் எந்தக் கேள்விக்குத் தயங்கினார், அந்தத் தயக்கத்தைப் போன் எடுப்பவர் எப்படித் தீர்த்தார். மூன்றாவது குறிப்பில்தான் உங்கள் புதிய வடிவமைப்பு இருக்கிறது.

வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எந்த ஏரியா? எத்தனாயிரம் லிட்டர்? எப்போ வேணும்?" உடனே விலை. அவர் சரி என்ற பிறகுதான் பெயரும் கதவு எண்ணும். உங்கள் ஆப் இதைத் தலைகீழாகச் செய்கிறது. விலை தெரிவதற்கு முன்பே மொபைல் எண், ஓடிபி, லொகேஷன், கூடவே பத்து பதில்களை வாங்கிவிடுகிறது. ஏரியா, அளவு, நாள் மூன்றையும் முதல் திரையில் கேட்டு, ஓஸ் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் அங்கேயே காட்டுங்கள். கடைசியில் கட்டணம் சேர்ப்பது மரியாதைக் குறைவு மட்டுமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட இருண்ட வடிவமைப்பு (வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை உத்திகள்) வழிகாட்டுதல்களில் பட்டியலிட்ட 13 வகைகளில், விலையைத் துளித்துளியாக வெளியிடுவதும் ஒன்று.

அடுத்து, ஃபீல்டு அளவில் அளக்க வேண்டும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் நான்கு நிகழ்வு போதும்: உள்ளே வந்தது, வெளியே போனது, பிழை காட்டியது, ஆப்பை விட்டபோது கடைசியாகத் தொட்டது. தட்டிய எழுத்தை அனுப்பாதீர்கள், காலியா நிரம்பியதா என்பது போதும். முகவரி தனிநபர் தரவு, அதை அனலிடிக்ஸில் கொட்டி வைப்பது வேண்டாத வினை.

இந்தக் கணக்கு வந்ததும் மூன்று வகையாகப் பிரியும். ஒரு ஃபீல்டில் நெடுநேரம் நின்று, காலியாக விட்டுப் போனால், அவருக்குப் பதில் தெரியவில்லை. நிரப்பி, பிழை வந்து, மறுபடி நிரப்பி, மறுபடி பிழை வந்து போனால், உங்கள் சரிபார்ப்பு விதி தப்பு. எல்லாம் நிரப்பி விலையில் போனால் விலைதான் காரணம், வடிவமைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. திரையை நாலாகப் பிரிப்பது முதல் இரண்டில் எதையுமே தீர்க்காது. பதில் தெரியாத கேள்வி நாலாவது திரைக்குத் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

என் கணிப்பில் முதல் குற்றவாளி "தொட்டிக் கொள்ளளவு (லிட்டரில்)". சம்ப் (நிலத்தடித் தொட்டி) எத்தனை லிட்டர் என்று எத்தனை வீட்டுக்காரருக்குத் தெரியும்? நீளம், அகலம், ஆழம் அடிக்கணக்கில் ஓரளவு தெரியும், தெரியாவிட்டாலும் குச்சி விட்டு அளந்துவிடலாம். அடியில் கேட்டு நீங்கள் பெருக்குங்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் 240 கன அடி, சுமார் 6,790 லிட்டர். 6,000 லிட்டர் லாரி சரியாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அடியில் ஒரு அடி தண்ணி மிச்சம் இருந்து, மேலே அரை அடி விட்டுவைத்தால், பிடிப்பது 8 × 6 × 3.5 அடிதான், அதாவது 4,750 லிட்டர். மீதி 1,250 லிட்டர் தெருவில் ஓடும், காசு கொடுத்தவருக்கு வயிறு எரியும். ஆக லாரிக்காரருக்கு வேண்டியது தொட்டியின் மொத்த அளவு அல்ல, இப்போது எவ்வளவு பிடிக்கும் என்பது. அளவோடு சேர்த்து "தொட்டியில் இப்போ எவ்வளவு தண்ணி இருக்கு?" என்றும் கேட்டு, காலி, கால்வாசி, அரைவாசி என மூன்று படம் வையுங்கள். "அளவு தெரியாது" என்பதும் ஒரு பட்டனாக இருக்கட்டும். அதை அழுத்தினால் புக்கிங் நிற்கக் கூடாது, ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள் என்று சொல்லி மேலே போக விடுங்கள். ஒரு முறை சொன்ன அளவைச் சேமித்துவிட்டால் அடுத்த முறை கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, கதவு எண். நம்ம ஊரில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கின்றன. வாசலில் ஒன்று, மின் கட்டண ரசீதில் இன்னொன்று. ஒரே எண் ஃபீல்டு வைத்து, எண் விசைப்பலகையும் கொடுத்துவிட்டால் "பழைய எண் 12, புதிய எண் 27/3ஏ" என்பதை அவர் எங்கே எழுதுவார்? எழுத்து, சாய்கோடு, கமா எல்லாவற்றையும் ஏற்கும் சாதாரண எழுத்து ஃபீல்டாக வையுங்கள். கதவு எண்ணையும் தெருவையும் ஒரே பெட்டியில் இரண்டு வரியாகக் கேட்டாலே போதும். அதைப் படிக்கப்போவது டிரைவர், கணினி இல்லை. பின்கோடைக் கேட்கவே வேண்டாம், ஏரியாவைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை வைத்து நீங்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்காமலும் விட்டிருக்கிறீர்கள். தெருவுக்குள் 12,000 லிட்டர் லாரி திரும்புமா? லாரி நிற்கும் இடத்திலிருந்து சம்ப் வாய் எத்தனை அடி? ஓஸ் எட்டாமல் லாரி திரும்பிப் போனால் அது வடிவமைப்புக் கோளாறுதான், அனலிடிக்ஸில் அது "வெற்றிகரமான புக்கிங்" என்று பதிவாகியிருக்கும் என்பதால் உங்கள் கண்ணிலேயே படாது. "பெரிய லாரி இதுக்கு முன்னாடி உங்க வீட்டு வாசல் வரை வந்திருக்கா?" என்று கேளுங்கள். தெரு அகலத்தை அடியில் கேட்டால் யாருக்கும் தெரியாது.


எழுத்துரு_மயிலை

தமிழ்த் திரைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே சொல் கோளாறு, இட கோளாறு, எண்ணிக்கைக் கோளாறு என்று மூன்று கலந்து கிடக்கும்.

சொல். "பதிவு செய்" என்ற பட்டன் உங்கள் ஆப்பில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கணக்குத் தொடங்குவதும் பதிவு, லாரி புக் செய்வதும் பதிவு, முகவரியைச் சேமிப்பதும் பதிவு என்று பெயர்த்திருப்பார்கள். ஒரே சொல் மூன்று வேலைக்கு. "கணக்கு தொடங்கு", "லாரி புக் செய்", "முகவரியைச் சேமி" என்று பிரித்துவிடுங்கள். "புக்" ஆங்கிலமாயிற்றே என்று கவலை வேண்டாம், தண்ணி லாரிக்கு ஊரே சொல்லும் சொல் அதுதான்.

அதைவிட ஆபத்தானது "ரத்து". "புக்கிங்கை ரத்து செய்யவா?" என்று கேட்டு, கீழே "ரத்து" என்றும் "சரி" என்றும் இரண்டு பட்டன் இருந்தால், எது லாரியை நிறுத்தும்? இரண்டுமே நிறுத்தும் போலத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இருந்த குழப்பம் அப்படியே இங்கே இறங்கியிருக்கிறது. பட்டனை மட்டும் படித்தாலே விளைவு புரிய வேண்டும்: "லாரி வேண்டாம்", "லாரி வரட்டும்". பிழைச் செய்தியிலும் இதே அளவுகோல்தான். "தவறான உள்ளீடு" என்பது யாருக்கும் உதவாது. "மொபைல் எண்ணில் 9 இலக்கம்தான் இருக்கு, ஒண்ணு குறையுது" என்றால் கை தானாகத் திருத்தும். அதோடு, +91 என்றோ முன்னால் 0 என்றோ நடுவில் இடைவெளியோ இருந்தால் அதைப் பிழையாகக் காட்டாமல் நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள்.

இடம். தமிழ்ச் சொல் நீளமானது, எழுத்து மேலும் கீழும் விரியும். ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் தமிழ் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குவார்கள், அல்லது மூன்று புள்ளி வைத்து வெட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுக்காமல் குறைந்தபட்ச உயரம் மட்டும் 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அலகு) என்று வைத்து, இரண்டாவது வரிக்கு மடங்க விடுங்கள். சாதாரண வாசக எழுத்து 16 எஸ்பிக்கு (ஆண்ட்ராய்டின் எழுத்தளவு அலகு) கீழே போகக் கூடாது. வரி உயரம் எழுத்தளவைப் போல 1.5 மடங்கு வேண்டும், 1.2 வைத்தால் கீழே இறங்கும் "து", "கூ", மேலே ஏறும் "கி", "ரீ" இவற்றின் வளைவுகள் வெட்டுப்படும். எழுத்திடை இடைவெளியைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். அதைக் கூட்டினால் கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டு விலகி நிற்கும் ஃபோன்கள் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றும் திரைக்கு ஒத்துவரும் இலவச எழுத்துருக்கள். போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கியும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14இல் 200% வரை பெரிதாக்கலாம். பெரியவர்கள் பெரிதாக்கித்தான் வைத்திருப்பார்கள்.

ஃபீல்டுக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் "தெரு பெயர்" என்று எழுதி, தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும் பழக்கத்தை விடுங்கள். பாதியில் போன் வந்து திரும்பினால் எந்தப் பெட்டி எதற்கு என்று தெரியாது. பெயரை ஃபீல்டுக்கு மேலே நிரந்தரமாக வையுங்கள். வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பலின் மாறுபாடு 2.8க்கு 1 தான். சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 வேண்டும். 767676 அந்தக் கோட்டைச் சரியாகத் தாண்டும். வெயிலில் நின்று படிக்கும் டிரைவர் திரைக்கு இன்னும் கருப்பாகவே வைக்கலாம்.

எண்ணிக்கை. "தொட்டி" கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஆறு குறி: த, ஒகரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி. "அதிகபட்சம் 30 எழுத்து" என்று நிரலில் எழுதினால் தமிழில் பாதிதான் கிடைக்கும். குறிக்கணக்கில் வெட்டினால் "மடிப்பாக்கம்" ஆறாவது குறியில் "மடிப்ப" என்று காலை இழந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கொத்துகளாக எண்ணும் வசதி பெரும்பாலான நிரல் மொழிகளில் இருக்கிறது, அதை வைத்து எண்ணுங்கள். எஸ்எம்எஸ்ஸிலும் இதே கதை. தமிழ் கலந்தால் ஒரு செய்திக்கு 70 குறி, அதைத் தாண்டினால் 67 குறிகளாகப் பிரியும், ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. "உங்கள் லாரி கிளம்பிவிட்டது" என்பது கண்ணுக்கு 14 எழுத்தும் 2 இடைவெளியும், கணக்கில் 26. செய்தியை டிஎல்டியில் (வணிக எஸ்எம்எஸ் வார்ப்புருக்களைப் பதியும் தளம்) பதிவு செய்யும் முன்பே எண்ணிவிடுங்கள், பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் வார்ப்புருவை மறுபடி பதிய வேண்டியிருக்கும்.

கடைசியாக ஏரியா தேடல். தி.நகர், டி.நகர், தியாகராய நகர், மயிலாப்பூர், மைலாப்பூர் எல்லாவற்றுக்கும் மாற்றுப்பெயர்ப் பட்டியல் வேண்டும், ஆங்கில எழுத்தில் தட்டுவதும் அதில் அடங்கும். தட்டிய சொல்லைத் தேடும் முன் என்எஃப்சி (யூனிகோடின் ஒரே சீரான எழுத்து வடிவு) வடிவுக்கு மாற்றுங்கள். ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொல்.


பெருங்குடி_டிசைன்

மிக்க நன்றி. "பதிவு" எங்கள் ஆப்பில் ஏழு இடத்தில் இருக்கிறது, "ரத்து" உரையாடலும் நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. இரண்டு சந்தேகம். ஓடிபி, லொகேஷன், யுபிஐ இவற்றிலும் ஆட்கள் விழுகிறார்கள். அங்கே வடிவமைப்பில் செய்யக்கூடியது என்ன? மாற்றியது பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஏ/பி டெஸ்ட் சரிவருமா?


தரமணி_ஆண்ட்ராய்டு

ஓடிபியை விலை காட்டினதுக்கு அப்புறம் வைங்க. ஏரியாவும் அளவும் பார்க்கிறதுக்கு யாரோட நம்பரும் தேவையில்ல.

ஆறு கட்டம் வேண்டாம், ஒரே ஃபீல்டு. கட்டம் கட்டமா இருந்தா, காப்பி பண்ணி ஒட்டும்போது முதல் இலக்கம் மட்டும் விழும், அழிக்கிற பட்டன் முந்தின கட்டத்துக்குப் போகாது, திரைவாசிப்பான் ஆறு தடவை "எடிட் பாக்ஸ்"னு சொல்லும். பார்க்கக் கட்டம் மாதிரியே வேணும்னா ஒரே ஃபீல்டுக்குப் பின்னால கோடு வரைஞ்சுக்கலாம். எஸ்எம்எஸ்ஸைத் தானா படிக்க எஸ்எம்எஸ் ரிட்ரீவர் பயன்படுத்துறீங்கன்னா, செய்தி 140 பைட்டுக்குள்ள இருக்கணும், அதுல 11 எழுத்து ஆப் ஹாஷ் (உங்க ஆப்பை அடையாளம் காட்டுற குறி) வேணும். இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க: ஹாஷை அப்லோடு சாவியை (ஆப்பை ஸ்டோருக்கு ஏத்தும்போது நாம கையெழுத்துப் போடுற சாவி) வச்சு எடுத்திருப்பாங்க, ப்ளே ஸ்டோர் வேற சாவியால கையெழுத்துப் போட்டு வெளியிடும். டெஸ்ட் போன்ல வேலை செய்யும், வாடிக்கையாளர் போன்ல ஒருத்தருக்கும் செய்யாது. ப்ளே கன்சோல்ல இருக்கிற கையெழுத்துச் சான்றிதழ்ல இருந்து ஹாஷ் எடுங்க. மறுபடி அனுப்புற பட்டனுக்கு 30 விநாடி எண்ணிக்கை காட்டுங்க. தட்டின நம்பரை அதே திரையில காட்டி பக்கத்துலயே "மாத்து"னு ஒரு பட்டன் வைங்க. ஓடிபி வரலைங்கிறதுல ஒரு பங்கு, நம்பர் தப்பாத் தட்டினதுதான்.

லொகேஷனைத் திறந்ததும் கேட்கிறது பெரிய நஷ்டம். எதுக்குன்னு தெரியாம மறுத்துடுவாங்க. ஆண்ட்ராய்டு 11ல இருந்து ஒரே அனுமதியை இரண்டு தடவை மறுத்தா அதுக்கப்புறம் அந்தப் பெட்டியே வராது, செட்டிங்ஸுக்குள்ள போய்த்தான் மாத்தணும். அதனால "என் இடத்தை மேப்ல காட்டு"ன்னு ஒரு பட்டன் வச்சு, அதை அழுத்தினப்போ மட்டும் கேளுங்க. மறுத்தாலும் முகவரி எழுதி முடிக்க வழி திறந்தே இருக்கணும்.

இன்னொண்ணு, மேப் பின் (இடக்குறி) அடுத்த தெருவுல விழுதுன்னு புகார் வருதான்னு பாருங்க. ஆண்ட்ராய்டு 12ல இருந்து பயனர் துல்லியமான இடம், தோராயமான இடம்னு தேர்ந்தெடுக்கலாம். தோராயம்னா ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள்ள எங்க வேணும்னாலும் இருக்கலாம். மடிப்பாக்கத்துல நிக்கிறவரோட மேப் பின் உள்ளகரத்துல விழுந்தா ஆச்சரியமில்ல. கிடைச்ச புள்ளியோட துல்லிய மதிப்பும் கூடவே வரும், அதைப் படிங்க. 30 மீட்டருக்கு மேல இருந்தா தானா ஏத்துக்காம, "பின்னை உங்க கேட் மேல நகர்த்துங்க"ன்னு கேளுங்க. வீட்டுக்குள்ள இருந்து புக் பண்றப்போ இது அடிக்கடி நடக்கும்.

யுபிஐல முக்கியமான சிக்கல், பணம் கட்ட வேற ஆப்புக்குப் போயிட்டுத் திரும்பினா உங்க ஆப் செத்துப்போயிருக்கும். 2, 3 ஜிபி ராம் போன்ல பின்னணியில இருக்கிறதை ஆண்ட்ராய்டு மூடிடும். திரும்பி வந்தவருக்கு முதல் திரை தெரிஞ்சா, பணம் போச்சான்னு பதறி மறுபடி கட்டுவார். பணம் கட்ட அனுப்புறதுக்கு முன்னாடியே சர்வர்ல ஆர்டர் எண் உருவாக்கி, போன்லயும் சேமிச்சு வைங்க. திரும்ப வந்ததும் அந்த எண்ணை வச்சு நிலையைக் கேளுங்க, பேமென்ட் ஆப் திருப்பிச் சொன்னதை மட்டும் நம்பாதீங்க. இரண்டாவது தடவை அழுத்தினாலும் அதே ஆர்டர் எண்தான் போகணும், அப்போ இரட்டைப் பணம் பிடிச்சாலும் உங்க பக்கம் உடனே தெரியும்.

நிலை மூணு: முடிஞ்சது, தோல்வி, நிலுவை. நிலுவையைத் தோல்வின்னு காட்டுறது பெரிய தப்பு. "பேங்க்ல இருந்து பதில் வரல. மறுபடி கட்ட வேண்டாம். லாரி உங்க பேர்ல இருக்கு"ன்னு எழுதி, எத்தனை நிமிஷம் பிடிச்சு வச்சிருப்பீங்கன்னும் சொல்லுங்க. கணக்குல பணம் போய், வியாபாரிக்கு உறுதி வரலைன்னா, 5 நாளுக்குள்ள தானா திருப்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய்னு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல விதி போட்டிருக்கு. அந்த வரியை நிலுவைத் திரையிலயே வைங்க, ஆபீஸுக்கு வர்ற போன் குறையும். முடிஞ்சா தண்ணி இறங்கின பிறகு டிரைவர்கிட்ட கட்டுற வழியையும் கொடுங்க. முதல் தடவை வாங்குறவருக்கு அதுதான் நம்பிக்கை.


பல்லாவரம்_அளவை

ஏ/பி டெஸ்டுக்கு உங்களிடம் ஆள் போதாது. ஒரு பக்கத்துக்கு (பழையதோ புதியதோ, ஒரு வடிவத்துக்கு) எத்தனை பேர் வேண்டும் என்பதற்குத் தோராயச் சூத்திரம்: 16 × விகிதம் × (1 − விகிதம்) ÷ வித்தியாசத்தின் வர்க்கம். இப்போது 40% முடிக்கிறார்கள், 45% ஆனதா என்று பார்க்க வேண்டுமென்றால் 16 × 0.4 × 0.6 ÷ 0.0025 = 1,536. இரண்டு பக்கமும் சேர்த்து 3,072. தினம் 60 பேர் என்றால் 51 நாள். பட்டன் நிறம் மாதிரி சின்ன மாற்றத்தில் 1% வித்தியாசம் தேடினால் இதுவே 25 மடங்காகும், மூன்று வருடத்துக்கு மேல். அந்த விவாதத்தை இந்தக் கணக்கோடு முடித்துவிடலாம். 40இலிருந்து 60 என்ற பெரிய பாய்ச்சலைத் தேடினால் பக்கத்துக்கு 96 பேர், நான்கு நாளுக்குள் தெரிந்துவிடும். ஆகவே பெரிய மாற்றத்தை மொத்தமாகச் செய்யுங்கள்: விலை முன்னால், கொள்ளளவுக் கேள்வி மாற்றம், கட்டாய ஃபீல்டு குறைப்பு.

முன்பு, பின்பு என்று மாதங்களை ஒப்பிடுவது நம்ம ஊரில் ஏமாற்றும். மே மாதம் சம்ப் வறண்டவர் எவ்வளவு மோசமான படிவத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்புவார். நவம்பரில் நல்ல மழை பெய்தால் அதே ஆள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார். மே கணக்கையும் நவம்பர் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் புதிய வடிவம் கெடுத்துவிட்டது என்று தோன்றும். பழையதையும் புதியதையும் ஒரே வாரத்தில் ஆளுக்குப் பாதியாக ஓட விடுங்கள். முடித்த விகிதத்தோடு "பத்து நிமிடத்துக்குள் போன் போட்டவர்" எண்ணிக்கையையும், லாரி இறக்க முடியாமல் திரும்பிய எண்ணிக்கையையும் அளந்து வாருங்கள். படிவத்தைச் சுருக்கி, திரும்பிய லாரி கூடினால் அது முன்னேற்றம் இல்லை.

அதற்கும் முன்னால், 5 பேரை உட்கார வைத்து, ஆப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு சிக்கலில் ஒருவர் மாட்டும் வாய்ப்பு 31% என்று 1993இல் பயன்பாட்டு ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டாவரும் கண்ட சராசரியை எடுத்துக்கொண்டால், 5 பேரில் சுமார் 85% சிக்கல்கள் வெளிவரும். அது சிக்கலைக் கண்டுபிடிக்க மட்டும். ஐந்து பேருமே முடித்துவிட்டார்கள் என்பதால் எல்லோரும் முடிப்பார்கள் என்று ஆகாது. ஐவரில் ஒருவரும் தோற்காதபோதும் உண்மைத் தோல்வி விகிதம் 45% வரை இருக்க இடமுண்டு.

யாரை உட்கார வைப்பது என்பதில்தான் தவறு நடக்கும். அடுக்குமாடியில் லாரி புக் செய்பவர் சங்கச் செயலாளராகவோ வாட்ச்மேனாகவோ இருப்பார். உங்கள் ஆபீஸில் இருக்கும் 25 வயதுக்காரர்களைக் கேட்டால் எல்லாம் சுலபம் என்பார்கள். இரண்டு வாட்ச்மேன், ஒரு செயலாளர், தனி வீட்டில் இருக்கும் இரண்டு பெரியவர்கள் போதும். அவரவர் போனிலேயே, அவரவர் வாசலிலேயே பாருங்கள். பணியைச் சொல்லும்போது திரையில் இருக்கும் சொற்களைச் சொல்லிவிடாதீர்கள். "முகவரியைச் சேர்த்து லாரி புக் செய்யுங்க" என்றால் அவர் அந்தச் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார். "ஐயா, நாளைக்குக் காலையில குளிக்கத் தண்ணி இல்ல, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கும் இடம்தான் குறிக்க வேண்டிய இடம். அங்கே உதவப் போனால் சோதனையே வீண்.


பெருங்குடி_டிசைன்

கொள்ளளவு பற்றி ஒரு கேள்வி மிச்சம். பள்ளிக்கரணைப் பக்கம் பல வீடுகளில் உறை இறக்கிய வட்டத் தொட்டி. நீளம், அகலம் கேட்டால் குழம்புவார்களே?


அடையாறு_ப்ராடக்ட்

முதலில் வடிவத்தைப் படமாகக் கேளுங்கள்: சதுரம், வட்டம். வட்டம் என்றால் இரண்டே அளவு, குறுக்களவும் ஆழமும். குறுக்களவு × குறுக்களவு × ஆழம் × 22.2 போட்டால் லிட்டர் வந்துவிடும். 6 அடி குறுக்கு, 8 அடி ஆழம் என்றால் 6,394 லிட்டர். ஆரம் கேட்காதீர்கள், விட்டம் என்ற சொல்லும் வேண்டாம், "வாய் எத்தனை அடி அகலம்" என்று கேட்பதும் தப்பாகும், ஏனென்றால் மூடி வாய் 2 அடிதான் இருக்கும், உள்ளே 6 அடி. படத்தில் உள்பக்கச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை ஒரு கோடு போட்டு அதன் மேலேயே எண் பெட்டியை வையுங்கள். வரும் விடை 1,000 லிட்டருக்குக் கீழே இருந்தால் அவர் மூடியைத்தான் அளந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "உள்ளே சுவர் முதல் சுவர் வரை அளந்தீங்களா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பூசிய சுவரும் அடியில் தேங்கிய மண்ணும் கொஞ்சம் இடம் எடுக்கும், அதனால் கணக்கில் வந்ததைக் கீழ்நோக்கி முழு நூறாக்கி, 6,300 என்று காட்டுங்கள்.